குடிபுகுந்தோரும் நம் குடியே

(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

வெள்ளி விழா என்றால் நடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்த்து மகிழ்வது வழக்கம். மகிழ்வதற்கு நமக்கு நிறையவே உண்டு. ஒரு வீட்டுத் திண்ணையில், ஒற்றைக் குண்டு விளக்கின் கீழே, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு தொடங்கிய இரவுப் பாடசாலை இது. அந்தத் திண்ணையில் அமர்ந்து எழுத்துக் கூட்டியவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அரசு அலுவலர்களாகவும் இந்த அரங்கில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச மற்றவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பு 'குடும்பம் காப்போம், ஊர் வளர்ப்போம்' என்பது. இத்தலைப்பைக் கண்டதும் என் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுந்தன. எந்தக் குடும்பம்? எந்த ஊர்? இவ்விரண்டு வினாக்களுக்கும் என்னால் இயன்ற விடையைச் சொல்லி அமர விழைகிறேன்.

நம் மணிமங்கலம் மிகப் பழைமையான ஊர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் மணிமங்கலமும் ஒன்று என்று கூரம் செப்பேடு கூறுகிறது. பாடப் புத்தகத்தில் இச்செய்தியை நடத்தும்போதெல்லாம் என் மாணவர்கள் தலை நிமிர்ந்து உட்காருவார்கள். ஆயினும் அப்போருக்குப் பின் இந்த ஏரியின் கீழ் நிலத்தை உழுதவர் யார், நாற்று நட்டவர் யார், மதகு காத்தவர் யார் என்று எந்தச் செப்பேடும் கூறவில்லை. அதைக் கூறுவதற்கு நம் பாட்டன்மார் கைகளில் இருந்த காய்ப்புகளே சான்று.

இன்று அந்த ஏரிக்கரையில் நின்று பார்த்தால் வேறோர் உலகம் தெரிகிறது. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை வந்தது. பின்னர் ஒரகடமும் வல்லம் வடகாலும் சுங்குவார்சத்திரமும் தொழில் நகரங்களாக வளர்ந்தன. விடியற்காலை ஐந்து மணிக்கே கம்பெனிப் பேருந்துகள் சாலையில் வரிசையாக நிற்கின்றன. அப்பேருந்துகளில் ஏறுவோர் யார்? நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, புதுக்கோட்டை மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். தொடக்கத்தில் இளைஞர்கள் மட்டும் தனியாக வந்தார்கள். இப்போது மனைவியோடும் கைக்குழந்தையோடும் வருகிறார்கள். என் பள்ளியின் காலை வழிபாட்டு வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெலுங்கு, ஒரியா, இந்தி, வங்காளம் என ஐந்து தாய்மொழிகள் இருக்கின்றன.

இவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்? பெரும்பாலும் நம் தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள். ஊர்த் தெருவில் வீடு கிடைக்காதவனுக்கு நம் தெருவில் அறை கிடைக்கிறது. நம்மவர் பலர் வீட்டுக்குப் பின்புறம் இருந்த காலி மனையில் வரிசையாக அறைகள் கட்டி, மேலே தகரக் கூரை போட்டு, வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதில் தவறில்லை. நாலு காசு வருமானம் வருகிறது. அந்த வருமானத்தில் நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். ஆனால் அந்த அறைகளைக் குறித்து உங்களோடு சற்று மனம் திறந்து பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பழங்கதை ஒன்று சொல்கிறேன். 1891ஆம் ஆண்டு. அப்போது செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டராக இருந்தவர் திரமென்ஹீர் என்னும் வெள்ளையர். இம்மாவட்டத்தில் பறையர் மக்கள் வாழும் நிலையைப் பற்றி அவர் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அவ்வறிக்கையில் அவர் கண்ட பெருங்குறைகளுள் ஒன்று, நம் முன்னோர் குடியிருந்த மனைக்கே அவர்களுக்கு உரிமை இல்லை என்பது. குடிசை நம்முடையது, ஆனால் மண் மிராசுதாருடையது. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால், வேறொருவர் நிலத்தில் வேலைக்குப் போனால், குடிசையைப் பிரித்துக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். அந்த அறிக்கைக்குப் பின்னரே 1892ஆம் ஆண்டு நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. அதையே பஞ்சமி நிலம் என்கிறோம். அந்நிலத்தில் எவ்வளவு நம் கையில் எஞ்சியது என்பது வேறு கதை. இங்கே நான் நினைவூட்ட விரும்புவது ஒன்றே. 'இரு என்றால் இருக்கலாம், போ என்றால் போக வேண்டும்' என்னும் வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் நாம்.

வேற்றூர் சென்று பிழைத்தவர்களும் நாமே. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக 300க்கும் மேற்பட்டோர் அதில் சென்றார்கள். அவர்களுள் நம் மக்கள் இருந்தார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்றார்கள். வடாற்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் மூட்டை முடிச்சோடு கோலார் தங்கவயலுக்குச் சென்று பூமிக்கடியில் இறங்கினார்கள்.

கோலாரைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பாஷை தெரியாத இடம், பாறை வெடிக்கும் சுரங்கம், வரிசை வரிசையாய்த் தகரக் கொட்டகைகள். அங்கே சென்ற நம் மக்கள் கூலி வாங்கி உண்டு உறங்கியதோடு நின்றுவிடவில்லை. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் நிறுவினார்கள். படிப்பகம் கண்டார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் 1914இல் மறைந்து சில ஆண்டுகளில் நின்றுபோனது. பின்னர் அதைத் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்தவர் ஜி. அப்பாதுரையார். சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டுவிட்டன. அந்த மக்கள் கண்ட படிப்பகமும் பத்திரிகையும் இன்றும் வரலாற்றில் பேசப்படுகின்றன. பிழைக்கப் போன இடத்திலும் ஒரு சமூகத்தைக் கட்ட முடியும் என்பதற்கு நம் இனத்திலேயே இத்தகைய சான்று இருக்கிறது.

இனி என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதியுங்கள். பட்டப் படிப்பும் ஆசிரியப் பயிற்சியும் முடித்து, வேறொரு மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் எனக்கு முதல் பணி கிடைத்தது. கையில் நியமன ஆணை, தோளில் ஒரு பை. வாடகைக்கு அறை தேடி அலைந்தேன். முதல் வீட்டில் முகமலர்ச்சியோடு வரவேற்று மோர் கொடுத்தார்கள். "வாத்தியாரா, வாங்க, வாங்க" என்றார்கள். பிறகு, "சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?" என்றார்கள். தெருவைச் சொன்னேன். "மாடியில் இன்னும் பூச்சு வேலை பாக்கி இருக்கு சார், அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார்கள். இப்படி ஏழு வீடுகள் ஏறி இறங்கினேன். எட்டாவது வீட்டில் கணவரை இழந்த ஒரு முஸ்லிம் மூதாட்டி இருந்தார். நான் அவர் கேட்கும் முன்பே என் தெருவைச் சொல்லிவிட்டேன். அவர் சொன்ன விடையை இன்றளவும் மறக்கவில்லை. "உன் தெருவை வச்சு நான் என்ன தம்பி பண்ணப் போறேன்? ராத்திரி படுக்கும்போது வாசக் கதவைச் சாத்திட்டுப் படு, அது போதும்" என்றார். மூன்று ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்தேன்.

இதை ஏன் சொல்கிறேன்? சென்ற ஆண்டு நம் தெருவிலேயே, நம்மவர் ஒருவர் வாயிலேயே, "வடநாட்டானுக்கு வீடு இல்லை" என்னும் சொல்லைக் கேட்டேன். காரணம் கேட்டேன். "சுத்தம் இல்லை சார், எங்கிருந்து வந்தவனோ யாருக்குத் தெரியும், எதையாவது தின்கிறான்" என்றார். எனக்குத் தலை சுற்றியது. இந்த மூன்று சொற்களும் நம் மீது நூறு நூறு ஆண்டுகளாக எறியப்பட்ட கற்கள் அல்லவா? எறிந்தவன் கையிலிருந்து அக்கற்களை வாங்கி நாம் இன்னொருவன் மீது எறியலாமா?

வீடு கொடுப்பவர்களிடமும் குறை இருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரை அடைத்து, அறைக்கு இவ்வளவு என்று இல்லாமல் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறோம். காலையில் அரை மணி நேரம் மட்டும் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்து, பிறகு பூட்டுப் போட்டுவிடுகிறோம். மின்சாரத்துக்கு நாம் கட்டுவதைப் போல் இரண்டு மடங்கு கேட்கிறோம். நம் பிள்ளைகள் அந்த அறை வரிசைக்கு 'இந்திக்காரன் லைன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 'காலனி' என்னும் சொல் வசைச் சொல்லாக மாறிவிட்டதால் அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். ஒரு புறம் அந்தப் பெயர் போகிறதென்று மகிழ்ந்துகொண்டு, மறு புறம் நம் கொல்லைப்புறத்திலேயே புதிதாக ஒரு சேரியை உண்டாக்குவது முறையாகுமா?

குழாய்க்குப் பூட்டுப் போடும் கைகள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் இதே செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார். 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை நீர் அள்ளிப் பருகியவர் அண்ணல் அம்பேத்கர். அந்த ஒரு கை நீருக்காக நம் மக்கள் அடிபட்டார்கள். அவர்களின் வழி வந்த நாம் தண்ணீருக்குப் பூட்டுப் போடக் கூடாது.

இளைஞர்களே! உங்கள் மனத்தில் இருக்கும் மறுப்பை நான் அறிவேன். "அவர்கள் குறைந்த கூலிக்கு வந்துவிடுகிறார்கள், அதனால் எங்களுக்கு வேலை இல்லை" என்று என்னிடம் நேரிலேயே கூறியிருக்கிறீர்கள். இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஊர் நிலத்தில் எழுந்த தொழிற்சாலையில் ஊர்ப் பிள்ளைக்கு வேலை இல்லை என்றால் வயிறு எரியத்தான் செய்யும். நிலம் கொடுத்தவருக்கு இழப்பீடு கிடைத்தது. அந்நிலத்தில் கூலி வேலை செய்து வாழ்ந்த நம்மவருக்கு வேலை போனதுதான் மிச்சம். இதுவும் உண்மையே.

ஆனால் கூலியைக் குறைத்தவன் யார் என்று பாருங்கள். ஒடிசாவிலிருந்து வந்தவனா கூலியை நிர்ணயிக்கிறான்? நடுவில் ஒப்பந்தக்காரர் இருக்கிறார். நிரந்தர வேலையை ஒப்பந்த வேலையாக்கி, பயிற்சித் தொழிலாளி என்று பெயர் சூட்டி, சில மாதங்களில் அனுப்பிவிடும் முறை இருக்கிறது. அவனுக்குக் கூலியைக் குறைத்து, அதைக் காட்டி உனக்கும் குறைக்கிறார்கள். அவனை நீ விரட்டினால் வேறொரு மாநிலத்திலிருந்து இன்னும் ஏழையான ஒருவனை அழைத்து வருவார்கள். அவனுக்கும் சட்டப்படியான கூலி கிடைத்தால் மட்டுமே உன் கூலி உயரும். பண்ணையில் நம் முன்னோர் கற்ற பாடமும் இதுதான். கீழத் தெருக்காரன் குறைந்த நெல்லுக்கு அறுக்கப் போனால் மேலத் தெருக்காரனுக்கும் அதே நெல்தான். இரண்டு தெருவும் சேர்ந்து நின்ற ஆண்டில்தான் மரக்கால் நெல் கூடியது.

தொழிற்சாலை நிலையானது என்றும் எண்ணிவிடாதீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006ஆம் ஆண்டு நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் பெண் பிள்ளைகள் சீருடை அணிந்து வேலைக்குச் சென்ற காட்சி கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. 2014ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அங்கே உற்பத்தி நின்றது. இருபத்தைந்து வயதில் வேலையிழந்து, இனி என்ன செய்வது என்று என்னிடம் வந்து கேட்ட பழைய மாணவியர் உண்டு. மேற்கொண்டு படித்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் திண்டாடினார்கள். ஆகவே கைநிறையச் சம்பளம் என்று கண்டு கல்லூரியை விடாதீர்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் மகளிருக்கு 2022ஆம் ஆண்டு முதலும், மாணவர்களுக்கு 2024ஆம் ஆண்டு முதலும் மாதம் 1,000 ரூபாய் உதவித் தொகை வழங்கப்பட்டு வருகிறது. கல்வி உதவித் தொகையும் விடுதியும் இருக்கின்றன. இவற்றை வாங்கிக் கொடுப்பது நம் சங்கத்தின் முதற் கடமை.

வதந்திக்கு இரையாவதையும் தவிர்க்க வேண்டும். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரப்பப்பட்டன. வேறெங்கோ நடந்த சண்டையை இங்கே நடந்ததாகக் காட்டினார்கள். பீகார் அரசு ஓர் அதிகாரிகள் குழுவையே அனுப்பி விசாரித்தது. அந்த வாரத்தில் என் பள்ளியில் வெளிமாநிலப் பிள்ளைகள் சிலர் வகுப்புக்கு வரவில்லை. பெற்றோர் அச்சத்தால் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். நம் சங்கத்து இளைஞர்கள் நால்வர் வீடு வீடாகச் சென்று, "நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லிப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். இவ்வெள்ளி விழாவில் யாருக்கேனும் பொன்னாடை போர்த்த வேண்டுமென்றால், முதலில் அந்த நால்வருக்கே போர்த்த வேண்டும் என்பேன்.

இப்போது நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறரைக் கேட்பதற்கு முன் என்னையே நான் கேட்டுக்கொள்ள வேண்டியது இது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதம். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒருவர் எட்டு வயது மகனோடு என் அறை வாசலில் வந்து நின்றார். "சார், பையன்... இஸ்கூல்" என்றார். அந்த இரண்டு சொற்களே அவருக்குத் தெரிந்தவை. மாற்றுச் சான்றிதழ் இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை. நான் அரையாண்டுத் தேர்வுப் பணியில் மூழ்கியிருந்தேன். "ஜூன் மாதம் வாருங்கள்" என்று கை விரல்களை எண்ணிக் காட்டி அனுப்பிவிட்டேன். அவர் கும்பிட்டுவிட்டுச் சென்றார். ஜூன் மாதம் வரவில்லை. அடுத்த ஆண்டு சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில் அந்தச் சிறுவனைக் கண்டேன். கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னை அடையாளம் கண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்றும் என்னைச் சுடுகிறது.

சட்டம் அறியாதவனா நான்? குழந்தைகளின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வயதுச் சான்று இல்லை என்பதற்காக ஒரு பிள்ளைக்குச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் மறுக்கக் கூடாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்தி, பின்தங்கிய பாடங்களுக்குத் தனிப் பயிற்சி அளிக்க வேண்டும். இவையெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் என் வேலைப் பளுவே எனக்குப் பெரிதாயிற்று. ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாசலில் நம் பிள்ளைகளை நிறுத்தி, "நாளைக்கு வா" என்று சொன்னவர்களும் இப்படித்தான் ஏதோ ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் முயற்சியால் 1894ஆம் ஆண்டு கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி திறக்க நேர்ந்ததே அந்த 'நாளைக்கு வா' என்னும் சொல்லால்தான். அன்று முதல் எந்தப் பிள்ளையையும் 'நாளைக்கு வா' என்று நான் அனுப்பியதில்லை. ஆனால் அந்த ஒரு பிள்ளையின் ஆண்டுகளை என்னால் திருப்பிக் கொடுக்க இயலாது.

ஆகவே, எந்தக் குடும்பம் என்னும் வினாவுக்கு என் விடை இதுதான். நம் தெருவில் எந்தெந்த அடுப்பு எரிகிறதோ அவையெல்லாம் நம் குடும்பங்கள். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் ஏரிகள் நிரம்பி அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் நம் பகுதியையும் சூழ்ந்தபோது, தண்ணீர் எந்த மாநிலத்தவன் என்று கேட்டுவிட்டா வீட்டுக்குள் புகுந்தது? அன்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ் ஒரே பாத்திரத்துச் சோற்றை உண்டோம். வெள்ளம் வடிந்ததும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டோம். அந்தக் கதவைத் திறந்து வைக்கும் வழி எது என்பதே இனி நாம் எண்ண வேண்டியது. நம் சங்கத்தின் முன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, ஆண்டுதோறும் மே மாதத்தில் சங்க இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று பள்ளி வயதுப் பிள்ளைகளின் பட்டியல் எடுக்க வேண்டும். வாடகை அறைகள், செங்கல் சூளைகள், கட்டட வேலைக் கொட்டகைகள் எதையும் விடக் கூடாது. பட்டியலில் உள்ள பிள்ளை ஜூன் மாதம் பள்ளியில் இருக்கிறதா என்று சரி பார்க்க வேண்டும். ஆண்டின் இடையில் வரும் பிள்ளையை அந்த வாரமே அழைத்து வாருங்கள். தொடக்கப் பள்ளியில் காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் கிடைக்கின்றன என்று அந்தத் தாயிடம் சொல்லுங்கள். மூன்று நான்கு வயதுப் பிள்ளை என்றால் அங்கன்வாடியில் சேருங்கள். தாயும் தகப்பனும் வேலைக்குச் சென்றபின் பூட்டிய அறைக்குள் பிள்ளைகள் தனியே இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, நம் இரவுப் பாடசாலையில் தமிழ் வகுப்பு ஒன்று தனியே தொடங்க வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கு படிக்கும் எல்லாப் பிள்ளைகளும் தமிழ் கற்கிறார்கள். ஆயினும் வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. நம் பிள்ளைகள் ஒரு மணி நேரம் துணை இருந்தால் போதும். என் பள்ளியில் ஓர் ஒரியாச் சிறுமி ஆறே மாதத்தில் தமிழ் படிக்கக் கற்று, இப்போது தன் தாய்க்குப் பேருந்துப் பலகையைப் படித்துச் சொல்கிறாள். அவளிடமிருந்து நம் பிள்ளைகள் பத்து ஒரியாச் சொற்களைக் கற்றிருக்கிறார்கள். இதனால் எவர் தமிழுக்கும் குறை வந்துவிடவில்லை.

மூன்றாவது, ஞாயிறுதோறும் சங்க அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதித் தரும் மேசை ஒன்று இருக்க வேண்டும். நம்மவர்க்குச் சாதிச் சான்றிதழும் உதவித் தொகையும் பெற்றுத் தருவது போலவே, வெளிமாநிலத்தவர்க்கும் உதவ வேண்டும். 2020ஆம் ஆண்டு அக்டோபர் முதல், வேற்று மாநிலக் குடும்ப அட்டையைக் கொண்டே இங்குள்ள நியாய விலைக் கடையில் தானியம் பெறும் முறை நடைமுறையில் இருக்கிறது. பலர் இதை அறியாமல் வெளிக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்கிறார்களா, வைப்பு நிதி கட்டுகிறார்களா என்பதைச் சம்பளச் சீட்டில் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். இயந்திரத்தில் விரல் போன ஒருவன் தான் எந்த ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தோம் என்பதற்குச் சீட்டே இல்லாமல் நிற்கும் கொடுமை நம் பிள்ளைகளுக்கும் நேர்கிறது, அவர்களுக்கும் நேர்கிறது.

நான்காவது, விடுதிகளில் தங்கியிருக்கும் பெண் பிள்ளைகளைப் பற்றியது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில், விடுதி உணவால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் நோயுற்றதும், அவர்கள் தோழியரின் நிலை தெரியாமல் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் திரண்டு அமர்ந்ததும் நாடறிந்த செய்தி. அதன் பின்னரே அவர்கள் தங்கும் இடத்தைப் பற்றிப் பலரும் பேசத் தொடங்கினார்கள். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் வளாகத்தை அரசு திறந்தது. நல்ல காரியம். ஆனால் படுக்கையும் கூரையும் மட்டும் போதா. ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை அமர்ந்து பேச ஒரு வீடு, உடம்பு சரியில்லை என்றால் கஞ்சி வைத்துத் தர ஒரு கை, அவர்களுக்கு வேண்டும். நம் மகளிர் உறுப்பினர்கள் மாதம் ஒரு நாள் நூலகத்தை அவர்களுக்காகத் திறந்து வையுங்கள். அந்தப் பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் மேற்படிப்புக்கு ஏங்குபவர்கள். தொலைநிலைக் கல்விக்கு வழி காட்டுங்கள்.

ஐந்தாவது, சங்க உறுப்பினர்களாகிய வீட்டுக்காரர்கள் தமக்குத் தாமே ஓர் ஒழுங்கு வகுத்துக்கொள்ள வேண்டும். அறைக்கு வாடகை வாங்குங்கள், தலைக்கு வாங்க வேண்டாம். குழாய்க்குப் பூட்டு வேண்டாம். முன்பணத்துக்கு ரசீது கொடுங்கள். காலி செய்யச் சொன்னால் ஒரு மாத அவகாசம் கொடுங்கள். இதனால் உங்களுக்குச் சிறிது வருமானம் குறையலாம். ஆனால் 1891இல் நம் முன்னோருக்கு யாரும் கொடுக்காத மரியாதையை நீங்கள் இன்று ஒருவருக்குக் கொடுத்தவராவீர்கள்.

இவற்றையெல்லாம் தயவாகச் செய்யச் சொல்லவில்லை. இந்தியாவின் எப்பகுதியிலும் சென்று குடியிருக்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்று அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு கூறுகிறது. அந்த அரசியலமைப்பின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் அண்ணல். அவர் பெயரால் சங்கம் நடத்திக்கொண்டு, அவர் எழுத்தில் வடித்த உரிமையை நம் வாசலிலேயே மறுப்பது நமக்குப் பொருந்தாது.

எந்த ஊர் என்னும் இரண்டாவது வினாவுக்கும் விடை சொல்லி முடிக்கிறேன். நம் பாட்டன்மாருக்கு 'ஊர்' என்னும் சொல் ஒரு வேலியாக இருந்தது. ஊர் வேறு, சேரி வேறு. ஊருக்குள் செருப்பணிந்து நடக்க முடியாது. இன்று நாமே கூடி, நம் கையால் ஓர் ஊரைக் கட்டும் வாய்ப்பு வந்திருக்கிறது. அந்த ஊரில் சேரி இருக்கக் கூடாது. நமக்கும் இருக்கக் கூடாது, நமக்குப் பின் வந்தவருக்கும் இருக்கக் கூடாது.

வரும் ஏப்ரல் 14 விழாவில், பேச்சுப் போட்டிக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் நம் பிள்ளைகளின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். பின் வரிசை அறைகளின் கதவையும் தட்டிப் பிள்ளைகளின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பெயர் உச்சரிக்கக் கடினமாக இருந்தால் இரண்டு முறை கேளுங்கள். நம் பெயரைச் சரியாகக் கேட்டு எழுத ஒருவர் வருவதற்கு நாம் எத்தனை தலைமுறை காத்திருந்தோம் என்பது உங்களுக்கே தெரியும்.

அந்தத் தேநீர்க் கடைச் சிறுவனுக்கு இப்போது பதினாறு பதினேழு வயது இருக்கும். எங்கே இருக்கிறானோ அறியேன். இச்சங்கம் பொன்விழா கொண்டாடும் நாளில், அவனைப் போன்ற ஒருவன் இந்த மேடையில் நின்று, தூய தமிழில், "நான் இந்தப் பாடசாலையில் படித்தவன்" என்று பேச வேண்டும். அதைக் கேட்க நான் இல்லாமல் போகலாம். நீங்கள் இருப்பீர்கள்.



ஜெய் பீம்!